கொட்டாரத்து அம்மையின் சிவந்த பாதம்

டர்ப்பன்டைன் வாசனை. வீட்டு ஜன்னல்களுக்கு வார்னிஷ் அடிக்க வந்தவர் டப்பா மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தார், அவ்வளவுதான். அரிந்துகொண்டிருந்த வெள்ளரிக்காயைப் பாதியில் போட்டுவிட்டு, ஐம்பது தாண்டிய நான், எழுந்து வந்து வாசல்படியில் நின்றேன். "என்னக்கா, மணம் பிடிக்கல்லியா? கதவச் சாத்திக்கிடுங்க" என்றார் அவர். பிடிக்காமலா! கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தேன். அந்த வாசனைக்குள் ஒரு கறுப்புத் தரை இருக்கிறது, சிவப்பும் பச்சையுமாய் அதில் விழுந்து கிடக்கிற மத்தியான வெயில் இருக்கிறது, அம்மாவின் மஞ்சள் படிந்த மூன்று விரல்கள் இருக்கின்றன.

என் வயசுக்காரர்களே, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்களே, நீங்களும் அங்கே சறுக்கியிருப்பீர்கள். காட்சிக் கொட்டாரத்தில்தான். கொட்டாரம் என்றால் எங்கள் பக்கத்தில் அரண்மனை. கன்னியாகுமரி போகிற வழியில் அதே பெயரில் இருக்கிற ஊரைச் சொல்லவில்லை. இந்தக் கொட்டாரத்தில் எந்த ராஜாவும் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. வாழ்வதற்கு அல்ல, காட்டுவதற்குக் கட்டியது. எந்தக் காலத்திலோ ஒரு மகாராஜா, தன் நாட்டில் என்னவெல்லாம் விளைகிறது என்று வெள்ளைக்காரத் துரைமாருக்குக் காட்ட ஆசைப்பட்டு, இரண்டு அடுக்கில், தேக்குத் தூணும் கூம்பு ஓட்டுக் கூரையும் வண்ணக் கண்ணாடி ஜன்னலுமாக எழுப்பிய மாளிகை. முட்டை வெள்ளைக்கருவும் சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் குழைத்து, ஆற்றுக் கல்லால் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கிய தரை. குனிந்தால் நம் மூக்குத் துவாரம் தெரியும்.

ராஜா போன பிறகும் வருஷந்தோறும் தை மாதம் அங்கே பொருட்காட்சி நடந்தது. ஆள் உயரத்துக்கு ஏத்தன் வாழைக்குலை, இரண்டு பேர் காவடிபோலச் சுமந்து வருகிற காச்சில் கிழங்கு, மாலை போட்ட பலாப்பழம், எங்களுக்கு அது சக்கை. யாருடைய கிழங்கு பெரிசு என்று உறவுகள் அறுந்து போகும், அடுத்த தையில் ஒட்டிக்கொள்ளும். மாடியில் கண்ணாடி அலமாரிகளில் களிமண்ணால் செய்து வண்ணம் தீட்டிய பழங்கள்: மட்டி, செந்துளுவன், பேயன், முந்திரியின் கொல்லாம்பழம், அயினிச்சக்கை. ஈ ஏமாந்து உட்காரும். நானும் ஏமாந்திருக்கிறேன், களிமண் மட்டிப்பழத்தைக் கடித்ததில் முன்பல்லின் ஒரு முனை போயிற்று, இன்றும் நாக்கு அந்த இடத்தைத் தேடிப் போகும்.

அப்பா கொட்டாரத்துக்கு மேற்கு வாசல் காவல்காரர். கிழக்கு வாசலுக்கு இன்னொருவர். உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்கு மாமா. இரண்டு பேரும் பத்து வருஷத்துக்கு மேலாகத் தற்காலிகம். காக்கிச் சட்டைகூடச் சொந்தக் காசில் தைத்தது. கொட்டாரத்துக்குப் பின்னால் ஓட்டு லைனில் அடுத்தடுத்த வீடு. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், இடுப்பை விட்டு இறங்காத ஒரு தம்பி. மாமா வீட்டில் மாமாவும் அத்தையும் அத்தையின் ஆஸ்துமாவும்.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை. கொல்லாம்பழம் விழுந்து, காலில் மிதிபட்டு, ஊரே புளித்த வாசனையில் கிறங்கிக் கிடக்கிற மாதம். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கிழக்கு வாசலிலிருந்து மாமா நடந்து வந்தார், கையில் சாயா கிளாஸ்.

"கேட்டீரா ஓய், இனி கெழங்கும் சக்கையும் கெடையாதாம். படம் மட்டுந்தானாம்."

"என்ன படம்? சினிமாவா?" என்றார் அப்பா.

"சினிமா ஓடும். இது ஓடாது, செவுத்துல தொங்கும். ஓவிய மியூசியமாம்."

"தொங்குகதப் பாக்க எவன் வருவான்?"

"வரல்லேன்னா நல்லதுதான? நாம உக்காந்து ஒறங்கலாம்லா."

அப்பா சாயா கிளாஸைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். "நாம இல்ல ஓய். நம்மள்ல ஒருத்தன்."

அதுதான் விஷயம். மியூசியத்துக்கு ஒரே ஒரு காவல்காரர். அவருக்கு நிரந்தர வேலை, பென்ஷன், அரசாங்கச் செலவில் சட்டை. மற்றவருக்குத் திறப்பு விழாவன்று வணக்கம். யார் என்பதைப் புதிதாக வந்த சூப்பிரண்டு எழுதி அனுப்ப வேண்டும். பெரிய அதிகாரிகள் மனசில் போட்டு ஆட்ட வேண்டிய ஒரு விஷயத்தை, அந்த வெயிலில், சாயா கிளாஸைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டே அந்த இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். "ஒமக்குக் கெடச்சா எனக்கு ஒரு சாயா" என்றார் மாமா. "எனக்குக் கெடச்சா ஒமக்குக் கட்டன்சாயா, பால் கெடையாது" என்றார் அப்பா. அன்று அவர்கள் சிரித்ததை நான் நம்பினேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால், சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருமே கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வருகிறது.

ஒரே நாளில் லாரி வந்து பொருட்காட்சியை அள்ளிப்போனது. அலமாரிகளைத் தூக்கும்போது களிமண் பழங்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதிய சத்தம், குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல. எங்கே கொண்டு போனார்கள் என்று நான் பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாட்டின் அத்தனை பழமும் எங்கேயோ ஒரு கிட்டங்கியில் பழுக்காமல் கிடக்கிறது.

பிறகு படங்கள் வந்தன. மரப்பெட்டிகளில், வைக்கோலுக்கு நடுவில். பெட்டியை நெம்பும்போது வந்த வாசனைக்கு எனக்கு அன்று பெயர் தெரியாது. மீசை முறுக்கிய ராஜாக்கள், மடியில் கைவைத்த ராணிகள், ஒரு யானை, ஒரு மலை, பழத்தட்டு ஒன்று. கடைசிப் பெட்டியில் அவள் இருந்தாள்.

ஆள் உயரம். பாலைமரத்தடியில் நிற்கிறாள். சிவப்புச் சேலை, ரவிக்கை இல்லை, இடுப்பில் பிள்ளை, மறு கையில் ஓர் அரிவாள். புல் அறுக்கப் போகிறவளாக இருக்கலாம். வெறுங்கால். நேரே பார்க்கிறாள், நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறாள். சூப்பிரண்டு ஒட்டிய சீட்டில் "பெயர் தெரியாத பெண், வரைந்தவர் பெயர் தெரியவில்லை" என்று இருந்தது.

பெயர் தெரியாதாம்! எங்கள் ஊரில் ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மரத்தடி, சிவப்புச் சேலை, இடுப்பில் பிள்ளை, கையில் ஆயுதம். இசக்கியம்மை அல்லாமல் வேறு யார்?

திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. ஆனால் தையில் வந்து பழகிய கால்கள், திறந்திருக்கிற கதவைக் கண்டால் நிற்குமா? செருப்பைப் படியில் கழற்றிவிட்டுப் பெண்கள் வந்தார்கள். ராஜாக்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அவளிடம் போனார்கள். முதல் செவ்வாய் ஒரு முழம் பூ. இரண்டாவது செவ்வாய் பூவும், சிவப்பு வளையலும், எலுமிச்சம்பழமும். ஒருத்தி சூடம் கொளுத்தத் தீப்பெட்டியை எடுத்தபோது சூப்பிரண்டு ஓடி வந்தார்.

"அம்மா, இது கோயில் இல்ல. ஓவியம். பாக்கத்தான் செய்யணும், கும்பிடப்பிடாது!"

"பாத்தாக் கும்பிடத் தோணுகே சாரே, என்ன செய்யச் சொல்லுகிய?" என்றாள் அவள்.

அந்த மனுஷனை நாங்கள் எல்லாரும் வில்லனாக்கி வைத்திருந்தோம். ஒல்லியாக, குடையைக் கக்கத்தில் இடுக்கி, எப்போதும் எதையோ தொலைத்தவர்போல இருப்பார். தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன் அந்தப் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதற்குப் பெயர் கும்பிடுவதில்லையோ என்னவோ.

அம்மாவால் காத்திருக்க முடியாது. அவள் சுபாவம் அது. சோறு வேகிறதா என்று நாலு தரம் மூடியைத் திறந்து பார்க்கிறவள். சூப்பிரண்டு இன்னும் எழுதவில்லை, எழுதவில்லை என்று அப்பா சொல்லச் சொல்ல, அவள் ஒரு நேர்ச்சையை மனசில் முடிந்துகொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சூப்பிரண்டு சாப்பாட்டுக்குப் போன நேரம், அப்பாவுக்குச் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்து வாசலில் உட்காரவைத்தாள். "பிள்ள படம் பாக்கணும்ங்கா" என்று என்னைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தாள். தம்பி அவள் இடுப்பில். என் கையில் வாழையிலைக் கீற்றில் மூடிய ஒரு பொட்டலம்.

பொட்டலத்தில் மஞ்சணை. மஞ்சள்பொடியை எண்ணெய் விட்டுக் குழைத்தது. இசக்கி, சுடலை, எல்லாத் தெய்வத்துக்கும் எங்கள் பக்கத்தில் அதைத்தான் உடம்பு முழுக்க அப்புவார்கள். பூசாத தெய்வம் காய்ந்து போய், கோபத்தில் இருக்கும் என்று நம்பிக்கை. இந்த அம்மையைப் பாருங்கள்: உடம்பெல்லாம் பொடிப்பொடியாய் வெடிப்பு. எண்ணெய் கண்டு எத்தனை காலமோ!

"எம்மா, தாயே," என்றாள் அம்மா. கோயிலில் பேசுகிற குரல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் அரிசி கேட்கிற குரல். "அவியளுக்கு இந்த வேல நெலைக்கணும். பதினோரு வருசமா வெயிலுல நிக்காவ. கிழக்கு வாசல் அண்ணனுக்கும் வேற ஒரு வழி காட்டிரு, அவரும் பாவம். பாத்துக்கோ."

முதலில் கால் விரல்களில் தொட்டாள். அவ்வளவுதான் உத்தேசம் என்று பின்னால் சொன்னாள். ஆனால் பாதம் முழுக்கப் பூசிய கை நிற்கவில்லை. மூன்று விரலால் கணுக்கால் வரை இழுத்தாள். சாயம் போட்ட கண்ணாடி வழியே வந்த வெயிலில் அவள் கை ஒரு தரம் சிவப்பாகவும் ஒரு தரம் பச்சையாகவும் இருந்தது. தம்பி இடுப்பிலிருந்து எம்பி, படத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான்.

சாயந்திரம் கதவடைக்கப் போன அப்பா பார்த்துவிட்டார். யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பதினோரு வருஷமாக அந்த மூன்று விரல் இழுப்பை நிலைக்கதவில், உரலில், வண்டி மாட்டின் நெற்றியில் பார்த்தவர். யாரிடமும் சொல்லவில்லை. லைன் வீட்டுக் கிணற்றடிக்கு வந்தார், துணி வெளுக்கிற பார் சவுக்காரத்தில் ஒரு துண்டை முறித்து எடுத்தார், ஒரு வாளி தண்ணீரோடு போனார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துணிகூட வெளுத்திராத மனுஷன். வெளுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை பாதம் ரத்தச் சிவப்பாக இருந்தது.

சவுக்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சள் கறை பட்ட துணியை வெளுக்கும்போது வாரத்துக்கு ஒரு தரம் இதைப் பார்க்கிற பெண்கள்தான் எங்கள் ஊர்க்காரிகள் அத்தனை பேரும். கிணற்றடியில் தெரிகிற உண்மை கொட்டாரத்துக்குள் தெரியவில்லை. ஒருத்தி குரவையிட்டாள், தெரு முழுக்கக் குரவை பரவியது. அம்மைக்குப் பாதம் சிவந்துவிட்டது. நடந்து வந்திருக்கிறாள். இல்லை, நடக்கப் போகிறாள். பத்து மணிக்குள் மணவாளக்குறிச்சி பஸ்ஸிலிருந்துகூட ஆள் இறங்கிவிட்டது. கடலை விற்கிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மேற்கு வாசலில் நிறுத்தினார்.

அம்மாவும் கூட்டத்தோடு போய்ப் பார்த்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்திருந்தேன். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். கை என் தலையில் அப்படியே நின்றது. யார் சவுக்காரம் போட்டார்கள் என்று அவளுக்கு அந்த நொடியே தெரியும். யாருக்காகப் போட்டார்கள் என்றும்.

அன்று சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

"தொவயல்ல உப்பு கூடிட்டோ?" என்றாள் அம்மா.

"இல்ல, கொள்ளாம். நல்லாத்தான் இருக்கு."

எனக்கு அப்போது அப்பாமேல் கோபம். பயந்தாங்குளி என்று நினைத்தேன். தனக்குத் தெரியும் என்று மற்றவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் கஞ்சிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது, எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

சூப்பிரண்டு மெட்ராஸுக்குத் தந்தி அடித்தார். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் வந்து இறங்கினார். புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் கட்டிய பட்டையில் ஒரு பூதக்கண்ணாடி, பெட்டி நிறையச் சின்னச் சின்னக் குப்பிகள், பஞ்சு, மூங்கில் குச்சி. சேதம் வந்த ஓவியங்களைச் சரிசெய்வதுதான் அவர் தொழிலாம். ஊர் அவருக்கு ஒரு நிமிஷத்தில் பெயர் வைத்துவிட்டது: படத்து டாக்டரம்மா.

அவர் முழங்காலிட்டு அரை மணி நேரம் அந்தப் பாதத்தையே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "மஞ்சளும் சோப்பும்னு தெரியுது. என்ன எண்ணெய்னு தெரியணும். நல்லெண்ணெயா இருந்தா இறுக ஆரம்பிச்சிருக்கும், அதுக்கு வேற மருந்து. விளக்கெண்ணெய்னா வேற. யார் பூசினாங்கன்னு எனக்கு வேண்டாம். என்ன எண்ணெய்னு மட்டும் சொல்லுங்க."

மஞ்சள், சோப்பு என்று கேட்டதும் குரவையிட்டவள் மெல்ல நழுவிப் போய்விட்டாள். சூப்பிரண்டு இரண்டு காவல்காரரையும் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். தரையிலும் அப்பாதான் இருந்தார்.

"சார், இது அம்மைக்க வேலையா இருந்தா எண்ணெயும் அவளுக்கதுதான. எந்த மில்லுல ஆட்டினான்னு நமக்கெப்படித் தெரியும்?" என்றார் கிழக்கு வாசல் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரியும். என் கையில்தானே பொட்டலம் இருந்தது! வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அப்பாவுக்கு வேலை இல்லை. பத்து வயசில் ஒரு எண்ணெயின் பெயரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு திரிவது எப்படி இருக்கும் தெரியுமா? சோறு இறங்காது.

டாக்டரம்மா ஒவ்வொரு குப்பியாகச் சோதித்துப் பார்த்தார். பஞ்சை நனைத்து, குச்சியில் சுற்றி, மிளகு அளவு இடத்தில் தொட்டு, உருட்டி. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மருந்து தப்பாகப் போயிற்று. பஞ்சோடு சேர்ந்து வண்ணமும் வந்துவிட்டது. அம்மையின் வலது பெருவிரலில் நகம் இருந்த இடத்தில் வெறும் துணி தெரிந்தது. டாக்டரம்மா பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

நான் ஓடினேன். கிணற்றடியில் மாவுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம், "அம்மைக்கு நகம் போச்சு" என்றேன்.

அம்மா கை அலம்பவில்லை. ஈரச் சேலையோடு, மாவு ஒட்டிய கையோடு, கறுப்புத் தரையில் ஈரப் பாதம் பதியப் பதிய நடந்து வந்து எல்லாருக்கும் நடுவில் நின்றாள்.

"தேங்காண்ணெ," என்றாள். "போன வாரம் ஆட்டினது. மஞ்ச எங்க வீட்டுல ஒணக்கி இடிச்சது. சுண்ணாம்பு சேக்கல்ல. நான்தான் பூசினேன்."

பிறகு அப்பாவின் குரல்: "சவுக்காரம் நான் போட்டேன் சார். அவளுக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் அம்மா அவரைப் பார்க்காமலே.

சூப்பிரண்டு குடையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார். "புருசனும் பொஞ்சாதியுமாச் சேந்து ஒரு அம்மைக்குத் துணி வெளுக்க மாதிரி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. டாக்டரம்மா மட்டும் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "தேங்காய் எண்ணெய் இறுகாது. பிழைச்சோம்."

"செவப்பு போகணும்னா எலுமிச்சம்பழம் விட்டாப் போரும், மஞ்சளா மாறிரும்," என்றாள் அம்மா, ஏதோ சமையல் பேசுவதுபோல.

"அதேதாங்க. ஆனா பழம் வேண்டாம், என்கிட்ட அளந்து கலந்த புளிப்பு இருக்கு."

முதலில் டர்ப்பன்டைன். கொட்டாரம் முழுக்க அந்த வாசனை, பைன் மரமும் மருந்துமாய். பஞ்சு மஞ்சளாகி மஞ்சளாகி விழுந்தது. பிறகு புளிப்பு. கடைசியில் ஒரு வெறும் பஞ்சுக் குச்சியை எடுத்து, தன் நாக்கில் வைத்து நனைத்து, பாதத்தில் உருட்டினார்.

வாசலில் நின்ற பெண்கள் கொந்தளித்துவிட்டார்கள்.

"ஐயோ, எச்சியில்லா! எச்சிய அம்மைக்க காலுல தேய்க்குகா, பாத்தியா!"

"மனுஷங்க உமிழ்நீரவிட மென்மையா எதுவும் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா குச்சியோடு திரும்பி. "வண்ணத்துக்கு நோவாது. உலகம் பூரா இப்படித்தான் செய்வோம்." யாரும் கேட்கிற மாதிரி இல்லை. ஒருத்தி உள்ளேயே வந்துவிட்டாள். அம்மா குறுக்கே போய் நின்றாள், தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு.

"ஏட்டி, ஒனக்க பிள்ளைக்க மூஞ்சியில சோறு காஞ்சு ஒட்டியிருந்தா என்ன செய்வ? பன்னீரா தெளிப்ப? முந்தானைய நாக்குல தொட்டுத்தான தொடைப்ப?"

"அது பிள்ள. இது அம்மை."

"அம்மைக்கு யாரு தொடச்சு விடுவா? அவளுக்கு அம்மை இருக்காளா?"

வந்தவள் தன் முந்தானை நுனியைப் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடிப் போய்விட்டாள். டாக்டரம்மா அடுத்த குச்சியை நாக்கில் வைத்தார். நகத்தை மட்டும் அவர் திரும்ப வரையவில்லை. தெரியாத நகத்தைக் கற்பனையில் போடக்கூடாதாம்; அந்த இடத்தில் பக்கத்து நிறத்துக்கு ஒத்ததாய் லேசாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். போய்ப் பாருங்கள், இன்றும் அப்படியே இருக்கிறது.

அப்பாவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மனசில் வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்ல எனக்கு வராது. மாமாவுக்குக் கிடைத்தது. ஒரு வாரம் அவர் எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் வேட்டியைச் சரிசெய்துகொண்டே போனார். அத்தை ஒரு சக்கையை வெட்டி, எல்லாச் சுளையையும் எங்களுக்கே கொடுத்தனுப்பினாள். அப்பா கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேனாகப் போனார். நாங்களும் போனோம். வருகிறவர்களுக்கெல்லாம் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கை காட்டுகிற வேலை. அது அவருக்கு மெல்ல மெல்லப் பிடித்துப் போனது.

ஆனால் கிடைத்திருக்கலாம். ஒரு சொல்லில் கிடைத்திருக்கலாம்.

டாக்டரம்மா ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் சூப்பிரண்டு அப்பாவைக் கூப்பிட்டு, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார். "கேளும். அந்த அம்மா எழுதுக ரிப்போர்ட்டு மேல போகும். அதுல பழைய அழுக்கு எடுத்தோம்ன்னு மட்டும் இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான். ஒம்ம பேரத்தான் நான் எழுதி வச்சிருக்கேன், போன மாசமே. மஞ்சணை, சவுக்காரம்ன்னு இருந்தா நான் ஒண்ணும் செய்ய ஏலாது." போன மாசமே! அந்த மனுஷனையா நாங்கள் வில்லன் என்று நினைத்தோம்?

அப்பாவுக்குக் கேட்கத் தெரியாது. "நீ போயி அவியட்ட சொல்லு. எழுதாண்டாம்ன்னு சொல்லு," என்று அம்மாவை அனுப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் புளியமரத்து நிழல். டாக்டரம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பழுப்புக் கவர், இன்னும் ஒட்டவில்லை. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், வேலையைப் பற்றி, பதினோரு வருஷத்தைப் பற்றி. டாக்டரம்மா கேட்டுக்கொண்டார்.

"எழுதாம விடலாம்மா," என்றார் பிறகு. "எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வெடிப்புக்குள்ள மஞ்சள் கொஞ்சம் இன்னும் இருக்கு, என்னால எடுக்க முடியல. முப்பது வருஷம் கழிச்சு என்னைப்போல ஒருத்தர் வருவாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம மருந்து போட்டா, எனக்கு நகம் போன மாதிரி அவங்களுக்கு என்ன போகுமோ. அதுக்காகத்தான் எழுதறோம். இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றபடி எழுதறேன்."

தம்பி அம்மாவின் தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைத்தான், அவள் எடுத்துவிடவில்லை. தூரத்தில் ஆரல்வாய்மொழியிலிருந்து வருகிற பஸ், காற்றில் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, புழுதியோடு வளைவில் திரும்பியது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை, கொட்டாரத்துக் கூரையைப் பார்த்தாள், பிறகு மேற்கு வாசலில் எங்களைப் பார்த்து நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்தாள், ரொம்ப நேரம். பஸ் வந்து நின்றது. நடத்துநர் படியில் தட்டினார். அம்மா பெட்டியின் ஒரு கைப்பிடியைத் தானே தூக்கினாள்.

"எழுதிக்கிடுங்கம்மா. ஒண்ணும் விடாம எழுதுங்க. நான் பூசினது, அவிய சவுக்காரம் போட்டது, எல்லாம். வீட்டுல நான் சொல்லிக்கிடுகேன். ஏறுங்க, வண்டி போயிரும்."